இறகு பிடுங்காத ஈ

இடத்தை முதலில் சொல்லிவிடலாம். மலையடிவாரத்தில், பொள்ளாச்சிச் சாலையை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். சோலைமேடு எஸ்டேட்டில் மண் சரிந்த மறுவாரமே அரசு அதை எடுத்துக்கொண்டது. பந்தி மேசைகளின் மேல் வெள்ளைத் தட்டுகளும் உருப்பெருக்கிக் கண்ணாடிகளும் வந்தன. மணமகள் அறையில் குளிர்பெட்டிகள். மணமேடையில் வாசிப்பான் என்ற இயந்திரம். அதன் தலைக்கு மேல் முந்தைய முகூர்த்தத்தின் ஜிகினாத் தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்க்க யாருக்கும் தெம்பில்லை.

அடுத்தது வேலை. மண்ணுக்கடியில் கிடப்பவர்களை மனிதரால் தோண்டி எடுக்க முடியவில்லை. ஆனால் விரல் நுழையாத இடுக்கிலும் ஈ நுழைந்துவிடும். எதை உண்டதோ அதை வயிற்றில் சுமந்து வரும். சரிவு முழுக்கப் பொறிகள் தொங்கவிடப்பட்டன. பொறியில் விழுந்த ஈயின் வயிற்றை வாசிப்பான் ஊசியால் குத்தி, உள்ளே மனித மரபணு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், காணாமல் போனவர்களின் உறவினர் உட்கன்னத்தில் ஒற்றி எடுத்த பஞ்சோடு ஒப்பிடும். பொருந்தினால் பெயர் சொல்லும். அந்தப் பெயருக்கு உரியவர் இறந்துவிட்டார் என்பது சட்டம். உடல் வேண்டியதில்லை.

இயந்திரத்துக்கு ஒன்று மட்டும் தெரியாது. மழையில் ஊறிக் கசங்கி வரும் ஈக்களைப் பார்த்து இனம் பிரிக்க அதனால் முடியவில்லை. எந்த இனம் என்று சொன்னால்தான் இறந்து எத்தனை நாள் என்ற கணக்கை அது போடும். அதற்காகத்தான் சகாயராணியும் தனக்கோடியும் இன்னும் சில பெண்களும் காலையிலிருந்து அந்தி வரை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பெயர்கள் தனக்கோடி வைத்தவை. உடுமலைப்பேட்டைக்காரி, வாய் ஓயாது. தலை உடம்பைவிட அகலமாக, செங்கல் நிறக் கண்ணும் ஆரஞ்சுக் கன்னமும் நீலப்பச்சை முதுகுமாக இருப்பது பெருங்கண்ணி. அதே பளபளப்பில் கன்னமும் நெஞ்சோரத்து மூச்சுத்துளையும் மட்டும் வெளுத்திருந்தால் பவுடர்க்காரி. மெலிந்த உடம்பில் பச்சைக்குள் செம்பு மின்னி, முதுகில் கறுத்த முள்மயிர் வரிசையாக நின்றால் செம்புக்காரி.

"பெருங்கண்ணிதான் நாத்தனா. செய்தி கேட்ட ஒடனே மொதல்ல வந்து நிப்பா. பவுடர்க்காரி எல்லாம் முடிஞ்சப்புறம் ஆடி அசைஞ்சு வர்ற சின்ன மாமியா" என்பாள் தனக்கோடி. ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது அவளே சிரிப்பதில்லை. சொல்லி முடித்துவிட்டு அடுத்த ஈயை எடுப்பாள்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டாகியிருந்தது. ஈரமான இறகு வாசிப்பானின் குழாயில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். ஒருமுறை அடைத்தால் பாதி நாள் போகும். ஆகவே இனம் பார்ப்பதற்கு முன்பே, குளிரில் மயங்கிய ஈயின் இரண்டு இறகையும் இடுக்கியால் அடியோடு பிடுங்கிவிடுவார்கள். தலை, கன்னம், முதுகு இவைதானே அடையாளம், இறகு எதற்கு? நிலையத்தின் பொறுப்பாளர் டாக்டர் நூர்ஜஹானும் அதைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். தினமும் சாயங்காலம் மேசையடியில் அரிசித் தவிடுபோல் இறகு குவிந்திருக்கும். பெருக்கி வாரிக் கொட்டுவார்கள்.

வெளியே உறவினர்களிடமும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. உடல் இல்லாமல் எதை வைத்துக் காரியம் செய்வது? பெயர் சொன்ன ஈயைக் கேட்டார்கள். ஊசி குத்திய ஈயைச் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. சிலர் அதை வாழையிலையில் வைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். சிலர் சர்ச்சுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார்கள். குப்பியைக் கையெழுத்திட்டு வாங்கினால் சாவை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஒரு பகுதியில் காணாமல் போன எல்லோருக்கும் குப்பி போய்விட்டால் அந்தப் பகுதியில் தேடல் நிற்கும்.

மேற்குச் சரிவில் ஒரே ஒரு பெயர்தான் பாக்கி இருந்தது. எஸ்டேட் ஃபேக்டரியில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த கதிரேசன். அவனுடைய அக்காள் வெள்ளைத்தாய் மண்டபத்து வாசல் பெஞ்சுக்குத் தினமும் வந்துகொண்டிருந்தாள். அன்று காலை வாசிப்பான் அவன் பெயரைச் சொன்னது.

சகாயராணி குப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இந்த வேலை சுற்றில் வரும். அன்று அவள் முறை. என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு அச்சடித்த வாசகம் உண்டு. அதைச் சொல்லி முடித்தாள்.

வெள்ளைத்தாய் அழவில்லை. குப்பியை வாங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். "என்ன இது, புழு மாதிரி இருக்கு?"

"ஈதான்க்கா. இறகை எடுத்துட்டோம். மிஷின்ல மாட்டிக்கும்."

"நீ எடுத்தியா?"

"யாரோ எடுத்தாங்க. எல்லாரும் அதான் செய்யறோம்."

"ஏன் தங்கச்சி, நாங்க நெசத்துல ஆளைக் கேக்கல. ஆளுதான் இல்லைன்னுட்டீங்க. ஒரு ஈயக்கூட முழுசாக் குடுக்க மாட்டீங்களா?" குப்பியைத் திருப்பி நீட்டினாள். "எங்கம்மா செத்தப்ப அவனுக்கு மூணு வயசு. இடுப்புலயே வெச்சு வளத்தேன். மூளியா இருக்கிறத வெச்சு அவனுக்குக் காரியம் பண்ண மாட்டேன். முழுசா ஒண்ணு கொண்டா. கையெழுத்துப் போடறேன்."

"அப்படியெல்லாம் தர முடியாதுக்கா. இன்னொரு ஈ அவர் பேரைச் சொல்லுமான்னே தெரியாது."

"சொல்லாட்டி நான் இங்கயே உக்காந்திருக்கேன். பெஞ்சு உங்க அப்பன் வீட்டுதா?"

சகாயராணிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் உடம்பு வேண்டும். உள்ளே வந்து குப்பியைப் பழைய இடத்தில் வைத்தாள்.

"என்னவாம்?" என்றாள் தனக்கோடி.

"இறகோட வேணுமாம்."

"இட்லிக்குச் சட்னி இல்லைன்னு சண்டை போடறாப்புல இருக்கு." பிறகு தனக்கோடி இடுக்கியைக் கீழே வைத்தாள். "பாவம். நாளைக்கு மேற்குப் பொறி வந்தா நீயே எடுத்துக்கோ. இறகு பிடுங்காம விடு. மிஷின் அடைச்சா நான் பாத்துக்கறேன்."

மறுநாள் மேற்குச் சரிவுப் பொறியில் ஒரு பிடி ஈ விழுந்திருந்தது. சகாயராணி ஒவ்வொன்றையும் காகிதத்தில் ஒற்றி ஈரம் வாங்கினாள். இறகை மடக்கி மெல்லிய நூலால் கட்டினாள். குழாயில் விட்டு, வெளியே வந்ததும் நூலை அவிழ்த்தாள். வழக்கமாக ஒரு தட்டு முடியும் நேரத்தில் கால் தட்டுகூட முடியவில்லை. இரண்டு தடவை குழாய் அடைத்தது. தனக்கோடி குச்சியை விட்டுக் குடைந்துவிட்டு, யாரையோ திட்டினாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் வாசிப்பான் மறுபடியும் கதிரேசன் பெயரைச் சொன்னது. பெருங்கண்ணி என்று அவள் பதிந்த ஈ.

முழுசாகக் கொடுக்க வேண்டும் என்றால் ஒழுங்காகவும் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நூல் பட்டுக் கசங்கிய இறகை நேராக்குவதற்காக ஈயைக் கண்ணாடியின் கீழ் வைத்தாள். ஊசி முனையால் இறகை விரித்தாள். இறகு உடம்போடு சேரும் இடத்தில் இரட்டை மடலாக ஒரு தோல் இருக்கும். பயிற்சியின்போது ஒரே ஒருநாள் காட்டினார்கள். பெருங்கண்ணிக்கு அந்தக் கீழ்மடல் புகை படிந்ததுபோல் பழுப்பாக இருக்கும்.

இதற்கு வெள்ளையாக இருந்தது. உருகி உறைந்த மெழுகுவர்த்தியின் வெள்ளை.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பக்கத்துத் தட்டிலிருந்து இன்னொரு பெருங்கண்ணியை எடுத்து அருகில் வைத்து இறகை விரித்தாள். அதற்குப் பழுப்பு. தலை, கன்னம், முதுகு எல்லாம் ஒன்றுபோல். மடல் மட்டும் வேறு.

டாக்டர் நூர்ஜஹான் மாப்பிள்ளை அறையில் இருந்தார். அதுதான் அவருடைய அலுவலகம். தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்.

"மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க. வெள்ளையா இருக்கு. நான் இதைப் பெருங்கண்ணின்னு போட்டுட்டேன்."

டாக்டர் கண்ணாடியில் குனிந்தார். நீண்ட நேரம் நிமிரவில்லை. "இறகோட எப்படி வந்துச்சு?"

சகாயராணி சொன்னாள்.

"உக்காரு சகாயம்" என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது. "மாட்டுப் புண்ணுல புழு வெச்சிருச்சுன்னு சொல்லுவாங்களே, கேட்டிருக்கியா?"

"எங்க வீட்டுக் கன்னுக்குட்டிக்கே வந்துச்சு மேடம். தொப்புள்ல."

"அந்தப் புழுவோட தாய் இதுதான். பெருங்கண்ணிக்குச் சொந்தம். பாக்க அப்படியே இருக்கும். ஆனா இது பிணத்துல முட்டை வைக்காது. உயிரோட இருக்கற சதை வேணும். சூடு வேணும். புண்ணு வேணும். பொறியில நாம வெக்கற ஈரல் நாத்தத்துக்குக்கூட பெரும்பாலும் வராது. இந்தத் தடவை பொறிக்குன்னு அனுப்பின புது வாசனை மருந்துக்கு எல்லா ஈயும் வருது போலிருக்கு."

"அப்ப..."

"இது அவர்கிட்ட இருந்து வந்தப்ப அவர் உயிரோட இருந்திருக்கார். புண்ணோட."

வெளியே சமையல்கட்டில் யாரோ பாத்திரத்தைப் போட்டார்கள். சகாயராணிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அது நெஞ்சைத் தொடுவதற்குள் மற்றது வந்துவிட்டது.

"மேடம், நேத்து வந்த அவரோட முதல் ஈ? அதுக்கு இறகு இல்லையே."

"தலையை வெச்சுப் பாக்கலாம். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கற பட்டை இதுக்கு நேரா இறங்கும். பெருங்கண்ணிப் பொம்பளைக்கு நடுவுல அகலம். கொண்டா." பார்த்தார். "இதுவும் அதேதான்."

"இதுக்கு முன்னாடி குடுத்ததெல்லாம்?"

டாக்டர் குப்பியை மூடி வைத்தார். கேட்டிருக்கக் கூடாதோ என்று சகாயராணி நினைத்தாள். கொடுத்த குப்பிகளில் பெரும்பாலானவற்றை எரித்துவிட்டார்கள். இறகுகள் குப்பையோடு போய்விட்டன. யாருடைய மேசையில் எது கடந்து போனது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

"மிஷின் அடைக்குதுன்னு நீங்க சொன்னப்ப, பிடுங்குங்கன்னு தலையாட்டினது நான்" என்றார் டாக்டர். "இந்த ஊர்ல இது அபூர்வம்னு புத்தகத்துல இருக்கு. அபூர்வம்னா இல்லைன்னு எடுத்துக்கிட்டேன். களைப்பா இருக்கறப்ப ரெண்டு வார்த்தையும் ஒண்ணு மாதிரிதான் தெரியுது."

அவர் தலைமை அலுவலகத்துக்குப் பேசினார். சகாயராணி எழுந்து போகப் பார்த்தாள். கையைக் காட்டி இருக்கச் சொன்னார். பேச்சு பாதிக்கு மேல் மறுமுனையில்தான் நடந்தது. இவர் பக்கம், "ஆமா சார், உயிரோட", "இல்ல சார், ஒருத்தர்னு சொல்ல முடியாது", "எனக்குப் புரியுது சார்". வைத்துவிட்டுத் தயிர்சாதத்தை மூடினார்.

"நாளைக்கு மேலதான் ஒரு டீம் அனுப்பறாங்களாம். மேற்குல ஒரு பேருதான் பாக்கின்னு எல்லாரையும் முன்னாடியே கிழக்குப் பக்கம் மாத்திட்டாங்களாம். இவர் விஷயத்தை மட்டும் திறந்து பாக்கணுமாம். மத்தவங்க காரியமெல்லாம் பண்ணி முடிச்சு ஒரு நிலைக்கு வந்துட்டாங்க, அவங்களைக் கலைக்க வேண்டாமாம். வெளிய பேசக் கூடாது."

"நாளைக்கு மேலன்னா, அதுவரைக்கும் அவரு..."

"தெரியும்." டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "நான் பேசக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க. பெஞ்சுல உக்காந்திருக்கற அம்மாகிட்ட ஈயைக் குடுக்கப் போறப்ப நீ என்ன பேசுவேன்னு எனக்குத் தெரியாது. மேற்குப் பொறி கட்டின எடத்துல இருந்து ஓடைப்பக்கமா கீழ இறங்கித் தேடணும். இந்த ஈக்குச் சூடு வேணும், மேல குளிர்ல இருக்காது. இதை நான் உன்கிட்ட சொல்லல."

சகாயராணி வாசலுக்குப் போனாள். வெள்ளைத்தாய் கையை நீட்டினாள். "இறகு இருக்கா?"

"இருக்குக்கா. ஆனா இதை வாங்காதீங்க."

அவன் உயிரோடு இருக்கலாம் என்று சொன்னதைக் கேட்டதும் வெள்ளைத்தாய் அவளை முறைத்துப் பார்த்தாள். "வெளையாடாத தங்கச்சி. அடிச்சிருவேன்."

"வெளையாடல. ஓடைப்பக்கம், கீழ. ஆள் இருந்தா இப்பவே கூட்டிட்டுப் போங்க."

வெள்ளைத்தாய் எழுந்தாள். உட்கார்ந்தே மரத்துப்போன கால் மடங்கியது. சகாயராணி தாங்கிப் பிடித்தாள். அடுத்த நிமிடம் அந்த அம்மாள் செருப்பைக்கூடப் போடாமல் சாலைக்கு ஓடி, வந்த லாரியை மறித்துக்கொண்டிருந்தாள்.

மண் சரிவில் மீந்த தொழிலாளர் லைன் வீடுகளின் ஆட்கள் தேயிலைக் கவாத்துக் கத்தியும் கயிறுமாக இறங்கினார்கள். அந்த மக்களுக்கு அந்தச் சரிவு கைரேகை மாதிரி, வரைபடம் வேண்டியிருக்கவில்லை. மறுநாள் பிற்பகல், ஓடை திரும்பும் இடத்தில், மேலிருந்து அப்படியே பெயர்ந்து வந்து மரங்களுக்கிடையில் சிக்கியிருந்த இலை நிறுக்கும் கொட்டகையைக் கண்டார்கள். தகரத்துக்கு அடியில் கதிரேசன் இருந்தான். வலது முழங்காலுக்குக் கீழே புழு. ஆனால் கண் திறந்திருந்தது.

அந்தக் கொட்டகையில் இன்னொருவரும் கிடந்தார். ஃபேக்டரி மேஸ்திரி ஆபிரகாம். அவருக்கு முன்பே குப்பி கொடுத்தாகிவிட்டது. அவருடைய மனைவி ஜெபமணி அதைச் சர்ச்சுக்குப் பின்னால் புதைத்திருந்தாள். ஆட்கள் அவரைப் போர்வையால் முகத்தோடு மூடித்தான் மேலே கொண்டுவந்தார்கள். போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்னால் யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தூக்கி வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து சகாயராணி ஆஸ்பத்திரிக்குப் போனாள். போக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. பஸ் அந்த வழியாகத்தான் போகும். வார்டுக்கு வெளியே நடையில் வெள்ளைத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கால் தப்பிச்சிரும்னுட்டாங்க" என்றாள். "புழுவை ஒண்ணொண்ணா எடுத்தாங்க. பக்கத்துலயே நின்னேன். நீ சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா. நல்ல செய்திதானே, ஏன் இப்படி இருக்கீங்க?"

வெள்ளைத்தாய் கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆபிரகாம் அண்ணனுக்குத் தொடையில அடி. ஆனா நகர முடிஞ்சிருக்கு. அவருதான் தவழ்ந்து போயி ஓடையில துணியை நனைச்சு இவன் வாயில பிழிஞ்சாராம். கொட்டகையில டீக்கு வெச்சிருந்த வெல்லத்தை இவனுக்கே குடுத்திருக்காரு. ஹெலிகாப்டர் சத்தம் நின்ன அன்னைக்கு, 'நம்ம பேரை அடிச்சிட்டாங்கடா கதிரு'ன்னு சிரிச்சாராம். நாங்க எறங்குனதுக்கு முந்தின ராத்திரி வரைக்கும் பேச்சு இருந்திருக்கு."

சகாயராணி அவளருகில் தரையில் உட்கார்ந்தாள். நடையில் பினாயில் வாசனை. ஒரு நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். இருவரும் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

"ஜெபமணிக்கு?"

"தெரியாது. அன்னைக்கே செத்தாருன்னு நெனைச்சிட்டிருக்கா. உடம்பு கெடைச்சிருச்சே, அதுவே கர்த்தர் கிருபைங்கறா." வெள்ளைத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கண்ணைத் துடைக்கவில்லை; முகம் முழுவதையும், வேலை முடித்து வந்ததுபோல். "அவ குப்பியை வாங்க மாட்டேன்னுதான் நின்னா. மூணு நாளு. உன் பெஞ்சுல, எனக்குப் பக்கத்துல. புள்ளைங்க பட்டினியா கெடக்குது, எத்தனை நாளைக்கு இப்படி இருப்பே, வாங்கிக்கன்னு நான்தான் சொன்னேன். அவ கைய நான்தான் புடிச்சு எழுத வெச்சேன். மத்தவ புருஷனுக்குச் சொல்ல வாய் வந்துச்சு. என் தம்பின்னதும் இறகு இல்ல, வால் இல்லன்னு நின்னேன்."

"உங்களுக்குத் தெரியுமாக்கா? எங்களுக்கே தெரியாது."

"தெரியாதுன்னு அவகிட்ட யாரு சொல்றது? நீயா, நானா?"

டாக்டர் இதுவரை குப்பி வாங்கிய எல்லோருக்கும் நடந்ததை எழுதுவதென்று முடிவு செய்துவிட்டார். வேலை போனாலும் போகட்டும் என்று அன்று காலை மேசையைச் சுற்றி எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். தனக்கோடி அதைக் கேட்டுக்கொண்டே இடுக்கியைத் துடைத்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்குப் போனாள். ஜெபமணிக்கும் ஒரு கடிதம் வரும். தபாலில் வரும். "எதற்கும் உறுதி கூற இயலாது" என்ற வரியோடு வரும். ஆனால் ஜெபமணிக்கு உறுதி உள்ளே கட்டிலில் படுத்திருந்தது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஏறி வந்தாள். வெள்ளைச் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. மூச்சு வாங்கியது.

"கஞ்சி கொண்டாந்தேன்க்கா, கதிருக்கு" என்றாள் ஜெபமணி. "நாளைக்கு அவரை அடக்கத்துக்குக் குடுத்துருவாங்களாம். சாமியார்கிட்ட சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடி இவனை ஒரு வாட்டி பாத்துருவோம்னு வந்தேன். ஒரே எடத்துல கெடந்தாங்களாமே. எங்க வீட்டுக்காரரு முகத்தைக் கடைசியாப் பாத்தது இவன்தான்." அவள் சகாயராணியைப் பார்த்து, யாரென்று தெரியாமலேயே, மரியாதைக்குச் சிரித்தாள். "தம்பி பேசறானாக்கா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்துபோனால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். சகாயராணி தூக்குவாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சுவரோரமாக நகர்ந்து இருவருக்கும் நடுவில் இடம் விட்டாள்.

"பேசறான் ஜெபா" என்றாள் வெள்ளைத்தாய். "இங்க வந்து உக்காரு."